எஸ்தர் அக்கா கேட்ட சுருதி

போன வெள்ளிக்கிழமை ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ராயக்கோட்டை ரோட்டில், சானமாவு காட்டைத் தாண்டி ஒரு கிராமம். இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும். அதனால் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்த கையோடு வேனில் கிளம்பிவிட்டோம்.

இந்தக் கூட்டங்களில் என் வேலை என்ன என்கிறீர்களா? பாய் விரிப்பது. பாட்டுப் புத்தகம் கொடுப்பது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்... அதனால்தான் உங்களிடம் எழுதிப் பேசுகிறேன்.

பாட்டுக்கு ஜெபராஜ் பிரதர். நாகர்கோவில்காரர். எங்கள் கம்பெனி டூல் ரூமில் சூப்பர்வைசர், சபையில் பாடகர் குழுத் தலைவர். அவர் உச்சத்துக்குப் போனால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். ஆண்டவர் கொடுத்த குரல், சந்தேகமே இல்லை.

வீட்டுக்காரர் மாசிலாமணி அண்ணன், கிரானைட் பாலிஷ் கம்பெனியில் இருந்தவர். சில மாதங்களுக்கு முன் பக்கவாதம். கை கால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

"பேச்சு வராதவங்களுக்குக்கூட, தெரிஞ்ச பாட்டோட சேர்ந்து வார்த்தை வரலாம்னு டாக்டர் சொன்னாருங்க பிரதர். நீங்க வந்து பாடினா..." என்று அவர் மனைவி எஸ்தர் அக்கா கேட்டதால்தான் இந்தக் கூட்டமே.

இதில் ஒரு வேடிக்கை. நன்றாக இருந்த நாட்களில் அண்ணன் சபையில் எல்லாருக்கும் முந்திப் பாடுவார் — சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"அண்ணே, மனசுக்குள்ள பாடுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்" என்பார் ஜெபராஜ்.

"அவருக்குக் கேக்கட்டும்னுதான் சத்தமா பாடறன். உனுக்கு ஏன் காது வலிக்குது?" என்பார் அண்ணன்.

ஜெபராஜ் கீபோர்டை ஸ்டூலில் வைத்து ஆரம்பித்தார். அண்ணனுக்குப் பிடித்த பழைய கீர்த்தனை. முதல் வரியிலேயே, கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணனின் உதடு அசைந்தது. இரண்டாவது வரியில் பாட்டு மேலே ஏறியது... உதடு நின்றுவிட்டது.

"பிரதர், கொஞ்சம் இறக்கிப் பாடுங்க. அவருக்கு எட்டல" என்றார் எஸ்தர் அக்கா.

"அக்கா, இந்தப் பாட்டு இந்த ஸ்கேல்லதான் எடுபடும். இறக்கினா செத்துப் போவும், பாத்துக்கிடுங்க."

மறுபடியும் அதே உயரம். பிரமாதம்தான். ஆனால் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாட்டு செத்தா சாவட்டும் பிரதர். இவரு பேசணும்."

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. உப்பு குறைவு என்பது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

 ஜெபராஜ் கீபோர்டின் ஸ்விட்சை அணைத்தார். எழுந்து போய்க் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். தணிந்த குரலில், பேசுகிற மாதிரி பாடினார். அன்றைக்கு அந்தக் குரல், வீட்டுச் சமையலறையில் நான் முணுமுணுக்கிற குரல் மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையை அண்ணனுக்கு விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

முதல் சரணத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஜெபராஜ் திரும்பப் பல்லவிக்கு வந்தார். வரி முடிவில் நின்றார்.

"யே...சு."

கரகரப்பாக, பாதி காற்றாக, சுருதியே இல்லாமல். எஸ்தர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தாலந்தை, அதாவது ஆண்டவர் கொடுத்த திறமையை, புதைக்கக் கூடாது என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இருப்பதை எல்லாம் எடுத்துக் காட்டாமல், எதிரில் இருப்பவருக்கு வேண்டிய அளவு மட்டும் கொடுப்பதும் கீழ்ப்படிதல்தான் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? நிறைய வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கஷ்டம் போல.

வெளியே வேன் டிரைவர் ஹார்ன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, இந்தச் சுருதி போதுமா?" என்று கேட்டார் ஜெபராஜ். இத்தனை மாதமாக நாங்கள் அண்ணனைப் பற்றிய எல்லாவற்றையும் அக்காவிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அண்ணன் யோசித்தார். பிறகு ஒரு விரலால் தரையைக் காட்டினார் — இன்னும் கீழே!