ராணி திரும்பிப் போன கதை

ஏதோ ஒரு சீமை ராஜ குடும்பத்தின் வீட்டுச் சண்டையை ஒரு வருடம் முழுக்க எங்கள் கலஹா தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் தமிழில் சொன்னவள் நான்தான். பத்து வயதில் நான் பார்த்த உத்தியோகம் அது.

ஞாயிறு பின்னேரம் அந்த நாடகம் டிவியில் வரும். பேச்சு இங்கிலீஷ், கீழே ஓடும் எழுத்து சிங்களம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரண்டுமே எட்டாது. சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்கு மட்டும் அந்த எழுத்து வாசிக்க வரும். பெட்டரியில் ஓடும் எங்கள் டிவிக்கு முன்னால் பத்துப் பெண்கள் தரையில் குந்தியிருக்க, நான் மட்டும் கதிரையில் ஏறி உட்கார்ந்திருப்பேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எழுத்து வேகமாக ஓடிவிட்டால் நானே இட்டுக்கட்டுவேன். ராஜாவின் தாயார் மருமகளை "அடி மூதேவி" என்று ஏசியதெல்லாம் என் கைச்சரக்குதான்.

அந்த வருடம்தான் அப்பாவின் தங்கச்சி தெல்தோட்டையிலிருந்து கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் விறகுக் கட்டையால் அடித்ததில் தோள் வீங்கியிருந்தது. "நீ இங்கேயே இரு" என்றார் அப்பா. ஒற்றைக் காம்பரா வீட்டில் ஏழு பேரானோம். ஒரு மாதம் போனதும் அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம் மாறியது. நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்துப் படுத்தேன். அத்தை மேல் எனக்கும் எரிச்சல்தான்.

நாடகத்திலும் அப்போது ராஜா ராணியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தை ஒவ்வொரு கிழமையும் என்னிடம் ஒன்றையே கேட்பாள். "பாப்பா, அவ போயிருவாளா, இருந்துருவாளா?"

ஒரு ஞாயிறு அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்தாள்.

"இந்தா புள்ள, எழுத்துல என்னமும் போடட்டும். ராணி புருஷன்கிட்டயே போயிருவான்னு சொல்லிரு. வெளங்குச்சா?"

விளங்கியது. கருப்பட்டியும் இனித்தது.

அன்று ராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரண்மனைப் படியில் இறங்கினாள். கார் வந்தது. அவள் பின்னால் கேட்டை மூடினார்கள். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று எழுத்து ஓடியது. நான் குரலை உயர்த்தி, "அம்மா வீட்டுக்கு ரெண்டு நாள் போறா. பொறகு திரும்பி வந்து புருஷனோட நல்லா இருக்கப் போறா" என்றேன்.

"எழுத்துல அப்புடியா போட்டிருக்கு?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை."

அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து, பாயில் இல்லாத குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, அப்பா வேலைக்குப் போனபின், அத்தை குழந்தையோடு தெல்தோட்டைக்கு பஸ் ஏறினாள். போகும்போது என் தலையைத் தடவி, "நல்லாப் படிக்கணும்" என்றாள். என் கதை பலித்த பெருமையில் நான் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அன்றைக்கே என் படுக்கை உள்ளே வந்துவிட்டது.

பிறகு அவளைப் பார்த்தது நாலு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில். ஒரு கண்ணில் கட்டு. அந்தக் கண் இனித் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சுவரைப் பார்த்து நின்று அழுதார். அத்தை என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அந்த ராணி எப்புடி இருக்கா பாப்பா?"

"நல்லா இருக்கா அத்தை."

"ம்... இருக்கட்டும்."

வாசிக்கத் தெரியாதவளை ஏமாற்றிவிட்டேனே என்று பல வருடம் வெந்துகொண்டிருந்தேன். அதுவும் என் திமிர்தான். ஒருத்தி பிள்ளையோடு வாசலைத் தாண்டிப் போவதைப் பார்க்க எழுத்து எதற்கு? அத்தை கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் வீட்டில் தனக்கு இடமிருக்கிறதா என்றுதான் கிழமைக்குக் கிழமை கேட்டிருக்கிறாள். அது தெரியாமலே, கதிரையில் உட்கார்ந்துகொண்டு நான் பதில் சொல்லிவிட்டேன்.