அண்ணி எழுதிய நல்ல தண்ணி

கப்பல் பழுது பார்க்கும் எங்கள் யார்டில் அண்ணிக்கு வைத்திருக்கும் பேர் 'பட்டை'. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பொம்பளை வேலை செய்தால் பேர் வைக்காமல் விடுவார்களா? குழாய்களுக்கு நிறப் பட்டை போடுவதுதான் அண்ணியின் வேலை.

எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குடல் மாதிரி குழாய்கள் பின்னிக் கிடக்கும். எதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு வால்வைத் திருகினால் கதை கந்தல். அதனால் உப்புத் தண்ணீருக்குப் பச்சை, உப்பில்லாத தண்ணீருக்கு நீலம், டீசலுக்குப் பழுப்பு, தீயணைக்கும் குழாய்க்குச் சிவப்பு. நடுவே இன்னொரு சின்ன வளையம், அந்தத் தண்ணீர் என்ன வேலைக்கு என்று சொல்வதற்கு. அண்ணி மண்டி போட்டு ஊர்ந்து, ஒவ்வொரு குழாயையும் தின்னரால் துடைத்து, பட்டை சுற்றி, ஓடும் திசைக்கு அம்புக்குறி ஒட்டுவார். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "கையில துடைக்கத் துணியிருந்தா பேசு, இல்லன்னா வழிய விடு" என்பார். வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் சுற்றிப் போவார்கள்.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. கேஸ் குழாயில் மஞ்சள், மாடித் தொட்டிக் குழாயில் நீலம். அண்ணன் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருப்பதே அபூர்வம். ஒருநாள் சாப்பிடும்போது, "என் தலையில மட்டும்தான் இன்னும் ஒட்டல" என்றார். "உள்ள ஏதாவது ஓடினாத்தானே ஒட்டுறதுக்கு" என்றார் அண்ணி, குழம்பை ஊற்றிக்கொண்டே. எனக்குப் புரையேறிவிட்டது.

மங்கலான வெளிச்சத்தில் புது ஆட்களுக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று, பட்டைக்குப் பக்கத்தில் தமிழிலும் எழுத ஆரம்பித்தது அண்ணியின் சொந்த யோசனை. சூப்பர்வைசரும் சரி என்றார். உருண்டை உருண்டையான எழுத்து, பார்க்கவே அழகாக இருக்கும். 'டீசல்', 'உப்புத் தண்ணி', 'நல்ல தண்ணி'.

அங்கேதான் வந்தது வினை. எஞ்சினைக் குளிர வைக்கச் சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீரிலும் உப்பு கிடையாது. ஆனால் துருப் பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலந்திருக்கும், வாயில் வைக்கக் கூடாது. நமக்கோ உப்பில்லாவிட்டால் நல்ல தண்ணி, குடிக்கிற தண்ணீரும் நல்ல தண்ணி. பாம்புக்கே 'நல்ல' போட்டுக் கூப்பிடுகிறவர்கள் நாம், தண்ணீரை விடுவோமா?

நான் வெல்டர். அன்றைக்குப் பழுது பார்க்க வந்திருந்த ஒரு படகின் எஞ்சின் அறையில் வெந்துகொண்டிருந்தேன். பாட்டில் காலி. மேலே ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை. எதிரே நீலப் பட்டை, அண்ணியின் எழுத்தில் 'நல்ல தண்ணி', கீழே தண்ணீரைச் சோதிக்க வைத்த சின்னக் குழாய். பாட்டிலை நிரப்பி மடமடவென்று குடித்தேன். லேசாக ஒரு மாதிரி ருசி. கப்பல் தண்ணீர் எப்போது இனித்தது என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்தது, மூச்சு வாங்கியது. பக்கத்திலிருந்த ஃபிட்டர் என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, உதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்கு" என்றான். அதற்கப்புறம் எனக்கு அரைகுறை நினைவுதான்.

ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தும் நீலம். அதன் புண்ணியத்தில் மறுநாள் எனக்குச் சிறுநீர் பச்சையாகப் போனது. நர்சிடம், "சிஸ்டர், எனக்குள்ள உப்புத் தண்ணி லைன் திறந்திருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று காலையிலேயே யார்டின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். குழாயில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அண்ணிக்கு வேலை போய்விடும். "எழுத்தையெல்லாம் யாரு சார் பாத்தா? தாகம், குடிச்சிட்டேன்" என்றேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்துக்கொண்டு, கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

மதியம் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணி வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சமாதானம் செய்வதாக நினைத்து, நான் சொன்ன பொய்யைப் பெருமையாகச் சொன்னேன். "கவலைய விடுங்க அண்ணி, உங்க பேரே வராது."

அண்ணி என்னை எரித்துவிடுவது போல் பார்த்தார்.

"அறிவிருக்காடா உனக்கு? நீ பாக்கலன்னு சொன்னா, அந்த எழுத்து அங்கேயேதானே இருக்கும்?"

"நம்ம படகுல அழிச்சிடலாம் அண்ணி."

"போன வாரம் முடிச்ச இழுவைப் படகுலயும் அதையேதான் எழுதி வச்சிருக்கேன். இன்னிக்குக் கிளம்புது அது."

வீட்டுக்குப் போகவில்லை, நேராக யார்டுக்குத்தான் வண்டி பிடித்தோம். அண்ணி சூப்பர்வைசர் முன்னால் நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். என் பொய்யையும் சேர்த்துத்தான்.

"ஏம்மா, இதை நீயே சொல்றியே. வேலை போயிடும், தெரியுதுல்ல?"

"போனா போகட்டும் சார். மொதல்ல படகை நிறுத்துங்க."

அவர் போனை எடுப்பதற்குள் அண்ணி சுரண்டுகிற தகட்டைத் தூக்கிக்கொண்டு படகுத் துறைக்கு ஓடினார். நான் பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு போனேன். இழுவைப் படகு கயிறு அவிழ்க்கத் தயாராக நின்றது. இரும்பு ஏணியில் இறங்கினோம். எஞ்சின்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அண்ணியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாம்மா. உன்னைத்தான் நினைச்சிட்டிருந்தேன்."

அந்தக் குழாயைக் காட்டினார். நீலப் பட்டை, அண்ணியின் அழகான எழுத்து. அதன் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளர், புதுக் கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இத்தனை நாளா தண்ணிக்கு மேல ஏறி ஏறி முட்டி தேஞ்சுது. உன் புண்ணியத்துல இனி அந்தக் கஷ்டமில்ல. இப்பதான் கட்டினேன். பசங்க சாப்பிட்டுட்டு வந்து இங்கேயே குடிச்சுக்கலாம்."

அண்ணி டம்ளரைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்? எஞ்சின்காரர் பதறி, "நான் என்னப்பா தப்பாச் சொல்லிட்டேன்?" என்று என்னைக் கேட்டார்.

மேலே ஏணியில் பையன்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டது. அண்ணி கண்ணைத் துடைக்காமலே எழுந்து, தகட்டை வைத்து 'நல்ல' என்ற எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.