‘வாறன் வாறன்’ ஊரெல்லாம் ஓடிய கதை

அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை தோகாவில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து அவருடைய போன் கோல் வரும். எந்தக் கோலானாலும் “அடுத்த மாசம் வாறன்” என்றுதான் முடியும். அந்த அடுத்த மாதம் வந்துவிடும், அவர் வரமாட்டார். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அம்மா அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த கலியாணக் கூறைச் சேலையை அடிக்கடி எடுத்து வெயில் காட்டுவாள். காட்டும்போதெல்லாம் அக்காவின் முகம் கடுகடுத்துப் போகும்.

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் மன்னாரில் அப்பாவின் ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்தவர்கள். மாப்பிள்ளையும் அதே முகாம்தான். அப்பா வந்த கையோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். எனக்கு வலையில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்றே தெரியாது. தெரிந்ததெல்லாம் கீபோர்ட். முகாமில் ஒரு பாட்டுக் குழுவோடு திரிந்து பழகியது. ஊரும் என்னை மாதா கோயில் பாடகர் குழுவோடு விட்டுவிட்டது.

அந்தக் கீபோர்ட்டும் என்னைப் போலவே அரைகுறை. தாளம் போடும் பொத்தான்களில் மற்றதெல்லாம் கரகரவென்று இரையும். ‘நியூ வேவ்’ என்று எழுதியிருந்த ஒன்றுதான் சுத்தமாக வேலை செய்தது. எஞ்சின் படகு துள்ளித் துள்ளிப் போவதுபோல ஒரு தாளம்.

“அதென்னடா இங்கிலீசில எழுதிக் கிடக்கு?” என்று அப்பா கேட்டார்.

“புது அலை, அப்பா.”

“இருக்கிற அலையோடயே மாரடிக்கேலாமக் கிடக்கு. நிப்பாட்டு அதை.”

ஒரு ஞாயிறு மாப்பிள்ளை தன் வேலை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “ஆனா அடுத்த மாசம் கட்டாயம் வாறன்” என்றும் சேர்த்துக்கொண்டார். அக்கா போனைக் கட்டிலில் எறிந்தாள். நேரே என்னிடம் வந்து, “டேய், அந்தப் புது அலையைப் போடு” என்றாள். போட்டேன். பூசையில் புறாவைப் போலப் பாடுகிறவள், அன்று ஏலத்தில் விலை கூப்பிடுகிறவள் மாதிரிப் பாடினாள்.

‘வருகிறேன் வருகிறேன் என்று சொன்னாய், வாசலில் என்னை நிற்க வைத்தாய்.’

அம்மா கரண்டியும் கையுமாகக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மன்னார் டவுனில் போன் திருத்தும் அண்ணை ஒருவர் இருந்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கொண்டுபோன பாட்டையும் அதன் கதையையும் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“தங்கச்சி, மெட்டு நல்லாயிருக்கு. ஆனா ஆர் இஞ்ச ‘வருகிறேன்’ எண்டு கதைக்கிறது? வாறன் எண்டு பாடுங்கோ. அவனும் அப்பிடித்தானே சொன்னவன்?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊரில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு ‘இந்தியாக்காரர்’ என்று கிண்டல் செய்தவர்கள் பலர். குழாயடியில் அவள் வாயைத் திறந்தாலே இரண்டு பேர் சிரிப்பார்கள். என்றாலும் மாற்றிப் பாடினாள். ‘வாறன் வாறன் எண்டாய் நீ, வாசலிலே நிண்டேன் நான்.’ அப்படிப் பாடியதும்தான் பாட்டுக்கு உயிர் வந்தது.

இரண்டாவது சரணத்தின் நடுவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கழுதை கத்தியது. மன்னார்க் கழுதைக்கு நேரம் காலம் கிடையாது. அண்ணை திரும்பப் பாடச் சொன்னார்.

“எனக்கு ஒரு தரம்தான் இவ்வளவு கோவம் வரும்” என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். அண்ணை கழுதையை அப்படியே விட்டு, எல்லாவற்றுக்கும் மேல் எக்கோவை அள்ளிப் போட்டார். அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆனது. கழுதை கத்திய இடத்தைக் கீபோர்ட்டில் எந்தப் பொத்தானால் வாசித்தது என்று பிறகு என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

சீடி போட்டதும் வேறு பிரச்சினை வந்தது. கடைகளில் ஒரே சீடிக்குள் நூற்றுக்கணக்கில் சினிமாப் பாட்டுகள் கிடைக்கும் காலம் அது. எங்களுடையதில் ஒரே பாட்டு. “ஒரு பாட்டுக்கு ஒரு சீடியோ? மிச்ச இடத்தில என்ன, காத்தோ?” என்று ஆட்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணை யோசித்தார். மறுநாள் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்து சீடியை நிரப்பிவிட்டார். அதையும் ஒருவரும் வாங்கவில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அவர் காலையிலும் பின்னேரமும் ஓட்டோவில் பேக்கரிப் பாணும் பணிஸும் கொண்டுவந்து விற்பவர். பாண் ஓட்டோ எல்லாம் ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். அவருடைய பெட்டியில் அந்த மெட்டு பழுதாகிவிட்டிருந்தது. ஓட்டோவை நிறுத்தி மாற்றத் தேவையில்லாத ஒரு பாட்டு அவருக்கு வேண்டியிருந்தது. எங்கள் சீடி அதற்கென்றே செய்ததுபோல இருந்தது.

அடுத்த நாள் காலை, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா தன் குரலே வீட்டு முன் ஒழுங்கைக்குள் வருவதைக் கேட்டாள். ‘வாறன் வாறன்...’ சனங்கள் தட்டும் பையுமாக வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். கையில் மீன் செதிலோடு ஓடிப்போய் ஓட்டோவை மறித்தாள்.

“அண்ணை, இது ஒருத்தன் வராததுக்கு நான் வயிறெரிஞ்சு பாடின பாட்டு. இதை வச்சுப் பாண் விக்கிறியளோ?”

பாண்காரர் நிதானமாகப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். “தங்கச்சி, அவன் வரேல்லைத்தான். நான் வாறன்தானே? மழையெண்டாலும் வாறன். இந்தாங்கோ, பணிஸ் ஒண்டு சாப்பிடுங்கோ.”

அக்கா பணிஸைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்கப் போனவள் ஏன் சிரித்துக்கொண்டு வருகிறாள் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு பாட்டு தன் பாட்டில் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள். தோட்டவெளிப் பக்கத்து ஓட்டோக்காரர் அதை ரிங்டோனாக வைத்தார். தனியார் பஸ்ஸில் போட்டார்கள். குழாயடியில் சிரித்தவர்கள் இப்போது அக்காவிடம் சரணத்தின் வரிகளைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மெமரி கார்டுகளுக்குள் ஏறிக் கடைசியில் தோகாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிறு மாப்பிள்ளை கோல் எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச ரூமில எல்லாரும் மன்னார்ப் பாட்டொண்டு கேக்கிறாங்கள். வாறன் வாறன் எண்டு. கேட்டனீரோ?”

“ஓம், கேட்டனான்.”

“பாவம் அந்தப் பிள்ளை. ஆரோ ஒரு மடையன் நல்லா ஏமாத்திப்போட்டான் போல.”

“ஓம். அந்த மடையனோடதான் இப்ப கதைச்சுக்கொண்டிருக்கிறன்.”

அவர் மெதுவாக, “அந்தக் கழுதையும் நான்தானோ?” என்று கேட்டார். அக்கா வெங்காயத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள், கண்ணீர் வரச் சிரித்தாள். வெங்காயக் கண்ணீர் எது, மற்றது எது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

அந்த ஞாயிறு அவர் வாறன் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லாமலே வந்து இறங்கினார்.

கலியாணம் எங்கள் கோயிலில் நடந்தது. பிறகு மண்டபத்தில் சாப்பாடு. அத்தானே கேட்டதால் நான் அந்தப் பாட்டை வாசிக்கத் தொடங்கினேன். முதல் தாளம் விழுந்ததுதான் தாமதம், பாதிச் சனம் கதிரையை விட்டு எழுந்து வாசலைப் பார்த்தது. இரண்டு மூன்று பெண்கள் கையிலிருந்த தட்டோடு நடக்கவே தொடங்கிவிட்டார்கள். வெள்ளைச் சேட்டும் சரிகை வேட்டியுமாக விருந்துக்கு வந்திருந்த பாண்காரர் எழும்பிக் கையை உயர்த்தினார்.

“இண்டைக்குப் பாண் இல்லை! இருங்கோ, இருந்து சாப்பிடுங்கோ!”

மண்டபம் அதிர்ந்தது. அக்கா கூறைச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் தலையைக் குனிந்தபடி தோள் குலுங்கச் சிரித்தார்.

அடுத்த வருடம் நானும் ஸ்டூடியோ அண்ணையும் கடலைப் பற்றி உருக்கமாக இன்னொரு பாட்டுப் போட்டோம். பாட அக்காவைக் கேட்டபோது, கோபம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நானே பாடினேன். ஸ்டூடியோ அண்ணையின் மாமனார் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் செய்கிறவர். விற்காத சீடிகளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நெல்லுக்கு வரும் குருவியை விரட்ட வயல் முழுக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். வெயிலில் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. குருவிகள் சீடி கட்டிய கயிற்றிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன.