பவானிபூர் லாட் சாகேபின் கோபம்

அப்பாவின் குரலை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றுதான் இந்த வருஷம் பூஜை முடிந்த கையோடு கல்கத்தா போனேன். காளி கோயில், ரசகுல்லா எல்லாம் அப்புறம். ஊர் சுற்றக் குறிப்பு தேடி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அதுவும் உண்டு.

அப்பா வங்கி அதிகாரி. என் பள்ளி வயது முழுக்க பவானிபூரில் இருந்தோம். துர்கா பூஜைக்கு அடுத்த வாரம் எங்கள் தெருச் சங்கம் ஒரு சுதந்திரப் போராட்ட நாடகம் போடும். புரட்சிக்காரனைத் தூக்கில் போடச் சொல்லும் வெள்ளைக்கார கவர்னர் அதில் வருவார். லாட் சாகேப் என்பார்கள். அந்த வேஷம் வருஷா வருஷம் அப்பாவுக்குத்தான். நடிப்புத் திறமைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். சாகேப் தப்பும் தவறுமாக வங்காளி பேச வேண்டும். ஒத்திகையே இல்லாமல் அப்படிப் பேசக்கூடியவர் தெருவில் அப்பா ஒருவர்தான்!

ஒரு வருஷம் மேடையில் அவருடைய விக் நழுவிக் காது மேல் தொங்கியது. முன்வரிசையில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா என்னை நோக்கி விரலை நீட்டி, "வீட்டுக்கு வாடி, உனக்கு இருக்கு!" என்று தமிழிலேயே கர்ஜித்தார். சாகேபுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது என்று கூட்டம் கைதட்டியது. வீட்டில் அடியெல்லாம் விழவில்லை. "அவ்ளோ கேவலமாவா இருந்துது?" என்று கேட்டு அவரும் சிரித்தார். அதோடு எங்களுக்கு மாற்றல் வந்துவிட்டது.

அப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. அவர் குரல் எங்களிடம் எதிலும் பதிவாகவில்லை. சங்கத்தில் பழைய வீடியோ கேசட் ஒன்று இருக்கிறது என்று என் பள்ளித் தோழி கீதா போனில் சொன்னாள். அவள் குடும்பம் இன்னும் பவானிபூரில்தான் இருக்கிறது. அன்றே டிக்கெட் போட்டேன்.

ஹவுராவுக்கு இடம் கிடைக்காமல், சாந்த்ராகாச்சியோடு நிற்கும் ரயிலில் போனேன். பயப்பட வேண்டாம், அங்கிருந்து பவானிபூருக்குப் பாலம் வழியாக முக்கால் மணி நேரம், டாக்சிக்கு நானூறு ரூபாய். பூஜை முடிந்த பிறகு என்ன பார்க்க வந்தீர்கள் என்று டிரைவர் ஹிந்தியில் கேட்டார். லாட் சாகேபை என்றேன்.

"அவன் தினம் டிவில வர்றானே! அவன் மூஞ்சியப் பாத்தாலே என் சம்சாரம் திட்ட ஆரம்பிச்சுடுவா" என்றார்.

உண்மைதான். இப்போது ஒரு வங்காளி சீரியலுக்கும் லாட் சாகேப்தான் வில்லன். அதன் விளம்பரத்தில் நீலக் கண்ணோடு பஸ் முதுகில் போகிறார். பிரித்துக்கொண்டிருந்த ஒரு பூஜைப் பந்தலின் பேனரில், துர்கை காலடியில் கிடக்கும் அசுரனுக்கே அவர் தொப்பி. சீரியலையும் போனில் பார்த்தேன். சாகேப் சுத்தமான வங்காளியில் வெளுத்து வாங்குகிறார். எனக்குப் பிடிக்கவே இல்லை.

கீதா வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "கேசட்டு பூரா பூஞ்சைடி. நேத்து ரெண்டு கடைல குடுத்துப் பாத்தேன், வெறும் கோடுதான் வருது."

அவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று அழுகை முட்டியது. "சாயங்காலம் நாடகத்துக்கு வா. முன்வரிசைல உக்காரு" என்றாள். போகவே மனசில்லை, அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

ஐ.டி. வேலை பார்க்கும் வங்காளி இளைஞன் ஒருவன் சாகேபாக வந்தான். வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவின் வங்காளி! அதே இழுவை, அதே அழுத்தம். கீதா காதில் சொன்னாள்: "இவன் முன்னாடி இருந்த சாகேபைப் பாத்துக் கத்துக்கிட்டான். அவர் உங்கப்பாவைப் பாத்து."

தூக்குத் தண்டனைக் காட்சி வந்தது. அவன் மேடை விளிம்புக்கு வந்து முன்வரிசையை நோக்கி விரலை நீட்டினான். தெருவே அவனோடு சேர்ந்து கத்தியது:

"வீட்டுக்கு வாடி, உனக்கு இருக்கு!"

"முன்னாடியே ஏண்டி சொல்லல?" என்று கீதாவின் கையைப் பிடித்தேன். "சொன்னா நம்பியிருப்பியா?" என்றாள். நான் தேம்பிக்கொண்டிருந்தேன்.

நாடகம் முடிந்து அந்தப் பையனிடம் அந்தத் தமிழ் வசனத்துக்கு அர்த்தம் கேட்டேன். "தெரியாது தீதி. சாகேபுக்குக் கோபம் வந்தா இதைச் சொல்லியே ஆகணும். விட்டா தெரு என்னை விடாது" என்றான். நான் சொல்லித் தரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பூஜைக்கு அடுத்த வாரம் அறை வாடகை இறங்கிவிடும். காளிகாட் மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். நாடகம் ஆறரைக்கு, டிக்கெட் கிடையாது. சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்காருங்கள். லாட் சாகேப் விரலை நீட்டிக் கத்துவார், பயந்துவிடாதீர்கள். அவர் வீட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்.