கிராணி ஐயாவின் டின் மாவு

மலாயாவிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலுக்கு இன்னும் இரண்டே நாள். என் மகள் கஞ்சி குடிக்க ஆரம்பித்துப் பத்து நாள்தான் ஆகிறது. கப்பலில் சாப்பிடுவாளோ மாட்டாளோ என்ற கவலையோடு இன்று காலை கிள்ளான் துறைமுகத்துக்கு ரயிலேறினேன்.

வழியில் அவளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டினேன். எதிரே ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி, அவள் மடியில் எட்டு மாதப் பையன். கிராணி முகம் சுளித்தார்.

“என்னம்மா இது? கூலிக்காரங்க குடிக்கிறதப் போயி பிள்ளைக்குக் குடுக்கிறீங்க! எங்க வெள்ளக்காரத் தொரை வீட்டுல சீமையிலேர்ந்து வர்ற டின் மாவுதான். நாங்களும் அதான் குடுக்கிறோம்.”

“உங்க பையன் நல்லாச் சாப்பிடுறானா?” என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் மெல்லச் சொன்னாள்: “எல்லாத்தையும் துப்பிடுறான்க்கா. தூக்கவே பயமா இருக்கு, அவ்வளவு மெலிஞ்சிட்டான்.”

ஒரு கரண்டி கஞ்சியை நீட்டினேன். பையன் விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். கிண்ணம் காலியாகும்வரை விடவில்லை. அவன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கப்பலுக்கென்று வைத்திருந்த கேழ்வரகு மாவில் பாதியைக் காகிதத்தில் மடித்து அவளிடம் கொடுத்து, காய்ச்சும் விதத்தையும் சொன்னேன்.

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம்” என்றார் கிராணி.

ஆனால் இறங்கும்போது அந்தப் பொட்டலத்தைத் தொப்பிக்குள் போட்டு மூடி எடுத்துப்போனவர் அவரேதான். தோட்டத்து ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் கௌரவம் என்னாவது!

இந்த மாதிரிப் பெரிய மனிதர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்களே, அவர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்களேன்.