கண்ணாடிச் சில்லு பதித்த மதில்

முடிச்சூர் ரோட்டில் ஹில்டா டீச்சர் வீட்டுக்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. பள்ளிக்கூடம் போகும்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் அவளைக் கொஞ்சம் மறை கழன்றவள் என்று நினைத்தார்கள். பழையவர்களுக்குக் காரணம் தெரியும்.

ஒரு காலத்தில் அந்த வீட்டைப் போலப் பூட்டிய வீடு தாம்பரத்திலேயே கிடையாது. அவள் கணவர் ஜெபராஜ் ரயில்வேயில் குமாஸ்தா. ஏரிக்குக் கீழே மலிவாக மனை வாங்கி அறுபத்தெட்டில் வீடு கட்டினார். குடிபோன வருஷமே வெந்நீர் அண்டாவும் சைக்கிளும் திருடு போயின. மனுஷர் ஆடிப்போய்விட்டார். மதிலை ஆள் உயரத்துக்கு எழுப்பி, உச்சி முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தார். பின்மதிலில் இருந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்தார். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். இந்தக் கூத்தில் ஹில்டா எத்தனையோ பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள்.

ஐப்பசி பிறந்தால் தண்ணீர் பயமும் சேர்ந்துகொள்ளும். மதிலடியில் இருக்கும் ஓட்டைகளைக் களிமண்ணால் அடைப்பார். மழை வலுத்தால் இரும்பு கேட்டுக்குப் பின்னால் மணல் மூட்டைகளை அடுக்குவார்.

"ஏங்க, பின்னாடி ஒரு வழியாவது வைங்க. அவசரத்துக்கு எப்படி வெளிய போறது?" என்று ஹில்டா கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள்.

"வழி வெச்சா திருடனுக்கும் அதான் வழி, தண்ணிக்கும் அதான் வழி" என்பார்.

எழுபத்தாறு நவம்பரில் மழை விடாமல் கொட்டியது. ஒரு மத்தியானம், ஏரி உடைந்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மதிலுக்கு உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஜெபராஜ் பெருமை தாங்காமல் காபி கேட்டார். ஹில்டாவுக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. மதிலின் அந்தப் பக்கம் ஏதேதோ உரசிக்கொண்டு போவது கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு மதிலுக்குள் இருந்த கிணறு பொங்கியது. தெருத் தண்ணீரை மறிக்கத் தெரிந்த மனுஷருக்குத் தரைக்கு அடியில் வருவதைப் பற்றி யோசனையே இல்லை. ஓட்டைகளெல்லாம் அடைபட்டிருந்ததால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முழங்கால் வரை ஏறியது. கேட்டைத் திறந்தால் தெருவே உள்ளே பாயும். முன்மதிலில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது.

பின்வீட்டு ஏகநாதன் ஊரின் பழைய குடித்தனக்காரர். அவர் வீடு மேட்டில். பின்மதிலுக்கு அப்பாலிருந்து கத்தினார்.

"சார், இன்னா பண்ணிக்கினு கீறீங்க? செவுரு நிக்காது சார்! டீச்சரம்மாவ இட்டுக்கினு இப்டி ஏறி வாங்க!"

ஜெபராஜ் கட்டில் மெத்தையை இழுத்து வந்து, தானே பதித்த சில்லுகளின் மேல் போட்டார். ஹில்டா ஸ்டூல் மேல் நின்று ஏறினாள். மெத்தையையும் மீறி ஒரு சில்லு முழங்காலைக் கிழித்தது. ஏகநாதன் அந்தப் பக்கம் தாங்கி இறக்கினார்.

"நீங்களும் வாங்க!" என்றாள்.

"கொல்லைக் கதவப் பூட்டிட்டு வந்துர்றேன். ஒரு நிமிஷம்."

மேட்டில் நின்றவளுக்கு எல்லாம் தெரிந்தது. பூட்டினார். இழுத்துப் பார்த்தார். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெத்தையை நோக்கி வந்தார். பாதியில் நின்றார். எட்டு வருஷமாக அவள் பார்த்த நிற்பு அது.

"ஐயோ, பூட்டு கெடக்கட்டும், வந்துடுங்க!"

அவர் திரும்பிப் போனார். பூட்டில் கை வைத்தபோது முன்மதில் விழுந்தது. வீட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் சுருட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் வெள்ளம் வடிந்ததும் பின்மதிலடியில் அவரைக் கண்டெடுத்தார்கள். உள்ளே கொண்டுபோய்க் கிடத்தலாம் என்று ஏகநாதன் கொல்லைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைக்க வேண்டியிருந்தது.