கங்குவின் கடிபட்ட விரல்

சாயப்பட்டறையில் அவனைக் கங்கு என்று கூப்பிடுவார்கள். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பத்தொன்பது வருடம் வெக்கையில் நின்றதில் புருவம் பொசுங்கியிருந்தது. வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும் ஆள். ஒருமுறை பாய்லரில் தண்ணீர் வற்றி, மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் காலியாகிவிட்டது. பதறிப்போன கூட்டாளி தண்ணீரைத் திறந்துவிடப் பாய்ந்தான். பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் பட்டறையே சிதறும். தீயைத்தான் முதலில் வெளியே இழுக்க வேண்டும். அதையெல்லாம் விளக்க நேரமில்லை என்று கங்கு கரி அள்ளும் ஷவலால் அவன் மணிக்கட்டில் ஒரே போடு போட்டான். எலும்பு முறிந்தது, நாற்பது பேர் பிழைத்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். நடுவில் எந்த இடத்தில் இருமுவான் என்பதுகூட அவன் மனைவிக்கு மனப்பாடம்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். நசுங்காத தட்டு அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அடித்துக்கொண்டு ஓய்ந்ததும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைக்கூடக் கங்கு பொறுத்துக்கொண்டான். அவள் சாப்பிடாததைத்தான் பொறுக்க முடியவில்லை. சோறு துருவாக இருக்கிறது என்றாள். பாலும் துரு, முட்டையும் துரு. தட்டைக் கண்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நோய் அவளைக் கொல்லவில்லை, பட்டினிதான் கொல்கிறது என்று அவன் முடிவுகட்டிவிட்டான்.

தினமும் வந்துபோகும் நர்ஸ் பொறுமையாகத்தான் சொன்னாள். "சாப்பிடாததால அவங்க போகலைங்க. உடம்பு அடங்குது, அதனால சாப்பாடு வேண்டாங்குது. அவங்களுக்குப் பசியே இருக்காது. வற்புறுத்தாதீங்க, உதட்டை மட்டும் நனைச்சு விடுங்க."

கங்கு நர்ஸின் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தான்.

மறுநாள் மத்தியானம் சூப்போடு கட்டிலருகே வந்தான். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். கெஞ்சினான், திட்டினான், பக்கத்தில் கிடந்த காலித் தட்டைச் சுவரில் அடித்தான். பிறகு கட்டிலில் ஏறி, தாடையை அழுத்திப் பிடித்து, ஸ்பூனைப் பல்லுக்கு நடுவே திணித்தான். முன்பல் ஒன்று மளுக்கென்று உடைந்தது. அப்போதும் விடவில்லை. விரலை உள்ளே விட்டு வாயைப் பிளந்து சூப்பை ஊற்றினான். அவள் கடித்தாள். நாற்பது நாளாக ஒரு பருக்கையை மெல்லாத வாய், அவன் விரலை எலும்பு தட்டும்வரை கடித்தது.

சூப் மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. அவள் முகம் நீலம் பாரித்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அவள் தங்கை, கையிலிருந்த இரும்பு வாணலியால் அவன் தோளில் அடித்துக் கீழே தள்ளினாள். அக்காவைப் புரட்டி முதுகில் ஓங்கித் தட்டினாள். தலையணையெல்லாம் சூப்பும் ரத்தமும். ஒருவழியாக மூச்சு வந்தது.

"மாமா, அன்னிக்கு அந்த ஆள் கையை எதுக்கு ஒடிச்சீங்க?"

கங்கு விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான்.

"சொல்லுங்க. நூறு தடவை சொன்ன கதைதானே?"

"காஞ்ச பாய்லர்ல தண்ணி விடப் பாத்தான்."

"நீங்க இப்ப என்ன பண்ணீங்க?"

அவன் சுவரில் மடேர் மடேரென்று தலையை முட்டிக்கொண்டு அழுதான். கட்டிலில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"யோவ், உன் ரத்தமும் துருவாத்தான்யா இருக்கு."

அதன்பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டுப் பேச்சே இல்லை. நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டான். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றக் கற்றுக்கொண்டான். ஐந்தாம் நாள் அவள் அண்ணன் டிபன் கேரியரோடு வந்து இறங்கினார்.

"தங்கச்சியைப் பட்டினி போட்டே கொன்னுடுவீங்களா மாப்ளே? நகருங்க, நான் ஊட்டுறேன்."

ஸ்பூன் உதட்டில் பட்டதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், அவ வேண்டாங்கிறா. கீழ வைங்க."

அவர் வைக்கவில்லை. கங்கு சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போய் வாசற்படியில் தள்ளினான். மூக்கு உடைந்தது. பின்னாலேயே டிபன் கேரியர் பறந்தது.

திரும்பி வந்து பஞ்சைத் தேடினான். கலாட்டாவில் அது எங்கோ போய்விட்டது. காயமில்லாத கையின் விரலை டம்ளரில் நனைத்து அவள் உதடுவரை கொண்டுபோய், பயந்து நின்றான்.

"கடிக்க மாட்டேன். வையி."

வைத்தான். அவள் அந்த ஒரு சொட்டைச் சப்பினாள்.

"எப்படிடீ இருக்கு?"

"தண்ணியா இருக்கு," என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவள் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தார்.

"தண்ணி," என்றான் கங்கு. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.